பன்னெண்டாம் கட்டில் விருமாண்டி

– கையில பட்டை கட்டியிருக்கு, அதுல பேரும் எழுதியிருக்கு. பெறகு எதுக்கு நாஸியா சிஸ்டர் என்கிட்டக் கேக்குறீங்க?

– பட்டை பாட்டுக்கு இருக்கட்டும்ணே. உங்க வாயால சொன்னாத்தான் ஊசி. போன மாசம் தூக்கக் கலக்கத்துல ஒருத்தரு அடுத்தவரு பேருக்கு ஆமான்னுட்டாரு. அன்னையிலருந்து நாங்களாப் பேரச் சொல்றதில்ல.

– விருமாண்டி. அலங்காநல்லூரு. போதுமா?

– வீட்டுக்காரம்மா பேரு?

– பாண்டியம்மாக்கா.

– பொண்டாட்டிய அக்காங்கறீங்க?

– அது... ஒரு மரியாதைக்கு.

– நல்ல மரியாதை. நான் லீவு முடிஞ்சு இன்னைக்குத்தான் வாரேன். பன்னெண்டாம் கட்டில்ல பெரிய மீசைக்காரர்னு சொல்லிவிட்டாங்க. மீசை எங்கண்ணே?

– வழிச்சிட்டேன். ஆபரேசனுக்கு.

– குடலெறக்க ஆபரேசனுக்கு மீசைய எதுக்கு வழிக்கணும்?

– அத விடுங்க. இது என்ன ஊசி?

– இன்சுலின். சுகர் எறங்குனாத்தான் நாளைக்குக் கத்தி வைப்பாங்க. சுகரே இல்லாதவனுக்கு இதப் போட்டா, தூங்குற மாதிரியே மயங்கி, எந்திரிக்காமப் போயிருவான்.

– போயிருவானா? எங்க?

– வந்த எடத்துக்கே.

– தாயி, ஊசியக் கொஞ்சம் தள்ளிப் பிடிங்க. நான் விருமாண்டி இல்ல. அவரு மச்சினன் முத்துப்பாண்டி.

– யா அல்லா. அவரு பட்டை உங்க கைக்கு எப்படி வந்துச்சு?

– தேங்காயெண்ணெ தடவி உருவி, எனக்கு மாட்டிவிட்டாரு. அவரு வளக்குற காளை ரெண்டு நாளாத் தண்ணி தொடலையாம். ஒரு எட்டுப் பாத்துட்டு ஓடியாரேன், டாக்டர் வந்தா இழுத்துப் போத்திப் படுத்துக்க மாப்ளன்னாரு. ஊசியப் பத்தி மூச்சே விடல.

– என்ன ஊசின்னு நீங்க கேக்காம, நான் போட்டிருந்தா?

– மச்சான் பேர்லயே நான் போயிருப்பேன்.

– சிரிக்காதீங்க. ஊசிய மூடி வச்சாச்சு. மொதல்ல அவருக்குப் போன் போடுங்க.

– இந்தாப் போடுறேன்... மச்சான், ஒடனே வாங்க... அப்படியா? சிஸ்டர், கெளம்பிட்டாராம். அவரக் கண்டதும் காளை ஒரு தொட்டித் தண்ணியக் குடிச்சிட்டு வாலத் தூக்கிக்கிட்டுத் துள்ளுதாம்.

– நல்லா இருக்கட்டும். உங்க மச்சான் வரட்டும், சுகர் பாத்துட்டு, காளைக்கும் சேத்து அவரையே திட்டுறேன். நீங்க எந்திரிச்சு ஒரு டீ குடிச்சிட்டு வாங்கண்ணே, மொகமே வெளுத்துப் போச்சு. பக்கத்துக் கட்டில் பாய், உங்களுக்கும் இன்சுலின்தான். அந்தப் போர்வைய எடுத்துட்டு உங்க பேரச் சொல்லுங்க.

– ஆரிப், சிஸ்டர். இங்க படுத்திருந்த பரீத் எங்க அண்ணன். காளையப் பாக்க வண்டிய ஓட்டிட்டுப் போனதே அவருதான்.