ஜூடித்தின் கேள்விக்கு என்ன பதில்?

அவைத்தலைவர் கிருஷ்ணப்பா அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே, உலையைத் தணித்துவிட்டு ஓடிவந்து நிற்கும் தாய்மார்களே, ஸ்ரீராம்புரம் படிப்பகத்தின் உயிர்மூச்சான உறுப்பினர்களே, உங்கள் அனைவருக்கும் இந்தக் கோவிந்தராஜனின் வணக்கம்!

பள்ளிக்கூடம் பார்க்காதவன் நான். கடைப்பலகை பார்த்து எழுத்துக் கற்றவன். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. இன்று நான் குழம்பி நிற்கிறேன்.

எல்லையில் போர் மூண்டது. ஏன் மூண்டது? முதல் வாரம், பழிக்குப் பழி என்றார்கள். கைதட்டினேன். மறுவாரம், அமைதிக்காக என்றார்கள். அமைதிக்குப் போரா? புரியவில்லை, ஆனாலும் தட்டினேன். மூன்றாம் வாரம், நம் சுதந்திரத்தைக் காக்க என்றார்கள். அதற்குத்தான் உள்ளங்கை சிவக்கத் தட்டினேன். ஒரு போருக்கு மூன்று காரணமா? ஒன்று மெய்யென்றால் மற்ற இரண்டும் எதற்கு?

போன மாதக் கூட்டத்தில் இதைக் கேட்டவள் ஜூடித். மாலையில் இங்கே நம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தந்தாளே, அவள்தான். அவள் தம்பி கிளிஃபர்ட் எல்லையில் நிற்கும் சிப்பாய். "அங்கிள், என் தம்பி எதுக்காக உயிரைக் குடுக்க நிக்கிறான்? ஒரே ஒரு காரணம் சொல்லுங்க, போதும்" என்றாள். யார் பதில் சொன்னோம்?

பதிலாக ஒரு தீர்மானம் வாசித்தோம். 'படைவீரர்களை வாழ்த்துகிறோம்' என்பது முதல் வரி. நம் வழக்கம்தான் தெரியுமே! கைதட்டல் எழுந்தால் தீர்மானம் நிறைவேறியது. எண்ணுவதும் இல்லை, எதிர்ப்பு உண்டா என்று கேட்பதும் இல்லை. முதல் வரிக்கே முதலில் தட்டிய கை என் கை! கூடவே நீங்களும் தட்டினீர்கள். அந்த ஆரவாரத்தில் இரண்டாம் வரி யார் காதில் விழுந்தது? மறுநாள் அறிவிப்புப் பலகையில்தான் படித்தேன்: 'போரைக் கேள்வி கேட்ட ஜூடித் இனி இந்தப் படிப்பகத்துக்குள் வரக்கூடாது.' தம்பியை வாழ்த்திய கையாலேயே அக்காவை வெளியே தள்ளினோம்!

யாரது? "விடுங்க பெரியவரே, முடிஞ்சுபோன கதை"யா? உனக்கு முடிந்துவிட்டது, ராஜா. வாசலில் செருப்புகளுக்கு அப்பால் நிற்கிறாளே, அவளுக்கு முடிந்ததா?

தலைவர் சீட்டு அனுப்புகிறார், நேரமாகிவிட்டதாம். கோபித்துக்கொள்ளுங்கள் கிருஷ்ணப்பா அவர்களே, மைக்கை விடமாட்டேன்!

எந்த எதிரி வந்து அவள் வாயை அடைத்தான்? எந்தப் பீரங்கி இந்தக் கதவைச் சாத்தியது? எல்லை தாண்டி எவனும் வரவில்லையே! சுதந்திரத்தைக் காக்கப் போர் என்று முழங்கிய நாம்தானே, முழங்கிய மூச்சிலேயே அதன் குரல்வளையை நெரித்தோம்?

போர் சரியா, தவறா? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. தெரியாதவனுக்குக் கேள்விதானே கைவிளக்கு? கேட்பவளை விரட்டிவிட்டால் நான் எதைப் பிடித்துக்கொண்டு நடப்பேன்?

ஆகவே அந்தத் தீர்மானத்தை ரத்து செய்யக் கோருகிறேன். பொறுங்கள், தட்டாதீர்கள்! இன்று கைதட்டல் செல்லாது. ஒவ்வொருவராக எழுந்திருங்கள். அவள் முகத்தைப் பார்த்து 'வா' என்றோ 'போ' என்றோ வாய்திறந்து சொல்லுங்கள். 'போ' என்பவர்கள் அதிகமானால் பதிவேட்டில் என் பெயரையும் அடித்துவிடுங்கள். அது மிரட்டல் என்றால், ஆமாம், மிரட்டல்தான்!

வாழ்த்துரை வழங்க என்னை அழைத்து, வழக்குரை கேட்டவர்களுக்கு நன்றி. குறுக்கே கத்தியவர்களுக்குக் கூடுதல் நன்றி. நீங்களாவது வாய் திறந்தீர்கள். எல்லோருக்கும் வணக்கம். முதல் ஆளாக நான் சொல்லிவிடுகிறேன்:

உள்ளே வாம்மா, ஜூடித்.