பொலி சொன்னவள்

மேலே ஓடுகிறோம். குனிந்து ஓடுகிறோம். தேயிலைச் செடிக்கு மேல் தலை தெரியக் கூடாது. கீழே என் மகன் கிடக்கிறான். நான் கீழே போகப் பார்க்கிறேன். லெட்சுமி என் இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கைப் பிடித்து மேலே இழுக்கிறாள். டப். டப். ஒவ்வொன்றாகச் சுடுகிறார்கள். பிறகு ஷெல். முதலில் சீழ்க்கை. அப்புறம் மண் எழும்புகிறது.

"படுங்க! படுங்க!"

படுத்தேன். வாயெல்லாம் மண்.

மாசி மாதம். வெள்ளிக்கிழமை. காலைப் பனி கலையவில்லை. அக்கரப்பத்தனைக்கு அப்பால் எங்கள் தோட்டம். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் இன்றும் ஆள் வரும். எந்தச் சாமிக்காகச் சண்டை என்றும் சொல்ல மாட்டேன். இரண்டு கொடி. இரண்டு கொடிக்காரர்களும் சாமி பேரைச் சொல்லித்தான் சுட்டார்கள்.

எங்கள் பக்கத்தைப் பிடித்திருந்த கொடிக்காரர்கள் லயத்துக்கு லயம் வரிசை வீடுகளில் புகுந்து ஆண்பிள்ளைகளைப் பிடித்துப் போனார்கள். பெண்களைக் கொழுந்தெடுக்க விட்டார்கள். கொழுந்து விற்ற காசு அவர்களுக்கும் வேண்டும். என் மகன் சுந்தரத்தைக் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் ஒளித்து வைத்திருந்தேன். ஆற்றுக்கு அந்தக் கரையில் அவர்கள் கை எட்டாது. அவனை அந்தக் கரை சேர்க்க வேண்டும். எனக்கு வேறு நினைப்பில்லை.

சேலை கட்டினோம். படங்கு சுற்றினோம். தலையில் துணி போட்டு முகத்தை மறைத்தோம். முதுகில் கூடை. லெட்சுமி, ராசம்மா, மாரியாயி, நான் என்று ஏழு பெண்கள், எட்டாவது அவன். கொழுந்தெடுத்தபடியே மலையிறங்கி, ஆறு வளைகிற இடத்தில் அவனை இறக்கிவிடுவது. வளைவிலிருந்து கூப்பிடு தூரத்தில் பாலம். பாலத்தில் அவர்கள் காவல்.

பிலோமினாவைக் கூட்டிப் போவதா என்று பேச்சு வந்தது. அவள் எங்கள் லயத்துக் கடைசி வீட்டுக்காரி. ஜெபக்கூட்டத்துக்குப் போகிறவள். கொழும்பில் மகள். சிக்னல் கிடைக்கும் என்று போனைத் தூக்கிக்கொண்டு மலையுச்சிக்குப் போவாள். அப்படிப் போய் வந்த மறுநாள் எங்கள் மாரியம்மன் கோயிலில் ஷெல் விழுந்தது.

"அவ சாமி அவகிட்ட போன்லதான் பேசும்" என்றாள் லெட்சுமி.

விட்டுப் போனால் பாலத்துக் காவலுக்குச் சொல்லிக் கொடுப்பாள். அதனால் கூட்டிப் போனோம். கொழுந்தெடுக்கிற நிரை வரிசையில் நடுவில் நிறுத்தினேன். பக்கத்தில் நான் நின்றேன். என் படங்குக்குள் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி இருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"நடுவுலயே நிக்கிறேன் பெரியம்மா. கத்திய மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கிங்க."

நான் திருப்பவில்லை.

கவ்வாத்து வெட்டித் தளிர்த்த புது மலை அது. புது மலையில் முதல் கொழுந்தைக் கிள்ளும்போது பொலி சொல்வது எங்கள் வழக்கம். கொழுந்து பெருக வேண்டும் என்று. ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள். நிரை முழுக்கத் திருப்பிச் சொல்லும். பிலோமினா மட்டும் சொல்ல மாட்டாள். அவள் வேதத்துக்கு ஆகாதாம். எத்தனையோ வருடம் வாயை மூடிக்கொண்டு நின்றவள்.

அன்றைக்கு யாருமே சொல்லவில்லை. பயம். கிள்ளுகிற சத்தம் மட்டும். டிக். டிக். மேலே ட்ரோன் இரைகிறது. சுந்தரம் நிரையின் கீழ்க்கடைசியில். வளைவு கிட்டத்தான்.

பாலத்திலிருந்து ஒரு குரல்.

"ஏன் பொலி சொல்லல? யாருடி நீங்க?"

எங்கள் தமிழ். லயத்துத் தமிழ். எங்களில் எவனோ அங்கே நிற்கிறான். இன்னொரு நொடி போனால் இறங்கி வருவான்.

பிலோமினா தலையைத் தூக்கினாள்.

"பொலியோ பொலி!"

நல்ல உரத்த குரல். நிரை முழுக்கத் திருப்பிச் சொன்னது. யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானே சொல்லும். சின்ன வயதில் என் கூடைக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் என் மகன். அவன் வாயும் தானே சொன்னது.

ஆண் குரல்.

டப்.

எல்லோரும் மேலே ஓடினோம். பிலோமினா மட்டும் கீழே ஓடினாள். கீழே என் மகன் கிடந்தான். கீழே பாலமும் இருந்தது. அவனிடம் போனாளா, அவர்களிடம் போனாளா? பாதி வழியில் விழுந்தாள். கூடை மட்டும் உருண்டு போனது.

லெட்சுமி இன்றைக்கும் கேட்கிறாள், வாயே திறக்காதவள் அன்று ஏன் திறந்தாள் என்று. நானும் கேட்கிறேன். அவள் சொல்லாதிருந்தால் பாலத்துக்காரன் இறங்கி வந்திருப்பான். சொன்னதால் என் மகன் வாய் திறந்தான். இரண்டும் நிஜம். பாலத்துக் குரலையும் இன்னும் தேடுகிறேன். கடையில், பஸ்ஸில், திருவிழாவில் எவன் பேசினாலும் காது கொடுக்கிறேன்.

இப்போது கோயில் இருந்த இடத்துப் பக்கத்தில், செத்தவர்கள் பேர் வெட்டிக் கல் நடப் போகிறார்கள். மூன்று பேர் போதும் என்கிறார்கள். எனக்கு எழுத்து அரைகுறை. ஆனால் தராசில் என் கொழுந்தைக் குறைத்துச் சொல்ல எந்தக் கணக்கப்பிள்ளைக்கும் தைரியம் வந்ததில்லை. கல்லிலும் குறைக்க விட மாட்டேன்.

கோயில் போனது. மேல் லயம் எரிந்தது. அந்த மலையில் இப்போது யாரும் பொலி சொல்வதில்லை.

குண்டில் என் மகன் சுந்தரம். ஷெல்லில் ராசம்மா. ஷெல்லில் மாரியாயி. குண்டில், முகம் கீழ்ப்பக்கமாக, பிலோமினா.

நாலு.