இதர சாமான், ஒரு பெட்டி

— அரை குதிரைத்திறன் பம்ப், முந்நூத்தி நாப்பது.

— இங்கயும் முந்நூத்தி நாப்பது. அடுத்தது?

— ரப்பர் வாஷர் பாக்கெட், ஆயிரத்திப் பத்தொம்பது.

— ஆயிரத்தி இருபது சார். ஒண்ணு குறையுது. திரும்ப எண்ணுங்க.

— ரெண்டு தடவை எண்ணிட்டேன் மேடம். ஒரு பாக்கெட்டை எலி கடிச்சிடுச்சு.

— எலி கடிச்சா சேதம்னு என்ட்ரி போடணும். எலியே வந்து போடாது.

— எப்படிப் போடும்? அதுக்கு நீங்க பாஸ்வேர்ட் குடுக்கலையே.

— சிரிக்க நேரமில்ல சார். அஞ்சு மணிக்குப் பழைய சிஸ்டத்தைப் பூட்டறாங்க. அதுக்குள்ள உங்க டிப்போ ஸ்டாக் எங்க ஃபேக்டரி கணக்குலயும் உங்க கணக்குலயும் ஒரே மாதிரி நிக்கணும். இல்லன்னா புதுசுக்குள்ள எதையும் ஏத்த மாட்டாங்களாம்.

— நின்னுடும். அங்க மழையா?

— கணக்குக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம்?

— இல்ல, பின்னாடி தகரத்துல விழற சத்தம் கேக்குது. ஸ்டோர் ஜன்னலைச் சாத்து. அந்த ஓரம்தான் ஒழுகும்.

— தகரம் மாத்தி ஆறு மாசம் ஆச்சு.

— ஓ.

— போன வெள்ளிக்கிழமை சொன்னேனே.

— சொன்னே. சொன்னீங்க. ஏன் மேடம், திங்கக்கிழமையிலேருந்து நாம இப்படி வாசிக்க வேணாம் இல்ல?

— வேணாம். நான் இங்க லாரியில ஏத்தி ஸ்கேன் பண்ணா உங்க திரையில வந்துடும். நீங்க அங்க இறக்கி ஸ்கேன் பண்ணா எனக்கு வந்துடும். வெள்ளிக்கிழமை மூணு மணி போன் இன்னியோட சரி.

— நல்ல சாஃப்ட்வேர்.

— நல்ல சாஃப்ட்வேர்தான்.

— யார் கேட்டா அதை?

— ஹெட் ஆபீஸ் கேட்டாங்க. சார், கடைசியா ஒரு வரி பாக்கி. உங்களுக்கே தெரியும் எதுன்னு.

— எது?

— தெரியாத மாதிரி கேக்காதீங்க. “இதர சாமான், ஒரு பெட்டி, பதினாலு கிலோ.” இங்கிருந்து கிளம்பியாச்சு. அங்க வந்ததுன்னு நீங்க என்ட்ரி போடல. பதினோரு மாசமா அது வழியிலயே நிக்குது.

— நானூறு கிலோமீட்டர் இல்லையா, மெதுவா வருது.

— சார்.

— வந்துச்சு. அனுப்பின மறுநாளே வந்துச்சு. ஆறாவது ரேக்குக்குக் கீழ, சுவரோரமா, சாக்கு போட்டு மூடி வச்சிருக்கேன்.

— வந்த சரக்குக்கு ரசீது போடாம வச்சா திருட்டுக்குச் சமம்னு மீட்டிங்ல முழங்குவீங்களே?

— அது பம்ப்புக்குச் சொன்னது.

— சிஸ்டத்துக்கு எல்லாம் ஒண்ணுதான். புதுசுல “இதர சாமான்”னு ஒரு தலைப்பே கிடையாது. உள்ள என்னென்ன இருக்குன்னு ஒவ்வொண்ணா எழுதணும். இல்ல, வழியில தொலைஞ்சு போச்சுன்னு அடிச்சுடணும். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.

— கட்டி அனுப்பினவளுக்குத் தெரியாதா உள்ள என்னன்னு?

— வாங்கினவர்தான் சொல்லணும். அதான் முறை.

— முறையா! புருஷனோட சட்டையும் செருப்பும் கம்பெனி லாரியில வந்தது எந்த முறைம்மா?

— கேட்டைத் தாண்டி ஆணி போனாலும் என்ட்ரி வேணும். உங்க சட்டைக்கு மட்டும் தனிச் சலுகையா? என் சாமானை அனுப்பிடுன்னு போன்ல கத்தினது யாரு?

— கத்தல.

— கத்தினீங்க.

— இங்க லோடு இறக்கிட்டிருந்தாங்க. அதுக்கு மேல பேசணும்னா கத்தித்தான் ஆகணும். அதான் பாரு, சத்தத்துக்குக் கத்தினது உனக்குக் கோபத்துக்குக் கத்தின மாதிரி கேட்டிருக்கு.

— மாத்தல் வாங்கினதும் சத்தத்துக்குத்தானா? பன்னண்டு வருஷம் ஒரே வீட்டுல இருந்தவ நான். நீங்க டிப்போவுக்குப் போறதை எப்படித் தெரிஞ்சுக்கிட்டேன் தெரியுமா? சிஸ்டத்துல உங்க பேருக்கு நேரே டிப்போ நம்பர் வந்து நின்னுச்சு. ஸ்டோர்ல எல்லாரும் திரையைப் பார்த்தாங்க. அப்புறம் என்னைப் பார்த்தாங்க.

— மாத்தல் வேணுமான்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லுன்னாரு மேனேஜரு. உன்னைக் கேட்டா வேண்டாம்னு சொல்லுவே.

— சொல்லியிருப்பேன். ரெண்டு நாள் சண்டை போட்டிருப்பேன். மூணாவது நாள் நானும் மாத்தல் கேட்டிருப்பேன்.

— வரேன்னு ஒரு வார்த்தை சொன்னியா?

— போறேன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?

— சரி விடு.

— விட்டாச்சு. பெட்டியைச் சொல்லுங்க. நாலு நாப்பது ஆகுது.

— ஒண்ணு சொல்லட்டுமா? அந்த வாஷர் பாக்கெட் குறையவே இல்ல. எலியும் இல்ல. ஒண்ணைக் குறைச்சுச் சொன்னா நீ திரும்ப எண்ணுங்கம்பே. நான் எண்ணுற மாதிரி நிப்பேன். நீ லைன்ல இருப்பே. ரெண்டு நிமிஷம் கூடக் கிடைக்கும்.

— தெரியும்.

— தெரியுமா?

— ஒரே ஐட்டம் வாரா வாரம் ஒண்ணே ஒண்ணு குறைஞ்சா, எந்த ஸ்டோர்காரிக்கும் தெரியும்.

— தெரிஞ்சும் எண்ணச் சொன்னே.

— பெட்டியைச் சொல்லுங்கன்னேன்.

— அதுக்கு ஏன் என்ட்ரி போடலைன்னு கேளு. வந்து சேர்ந்துச்சுன்னு போட்டா முடிஞ்சுது இல்ல? நானும் இங்க, என் சாமானும் இங்க. அப்புறம் அந்த வீட்டுல எனக்குன்னு என்ன இருக்கு? வழியில இருக்குற வரைக்கும் அது அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல. அப்படியே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன்.

— எவ்வளவு அழகாப் பேசறீங்க. பெட்டியைத் திறந்து பார்த்துட்டு, பதினோரு மாசம் வாயை மூடிட்டு இருந்துட்டு, இன்னிக்கு இப்படிப் பேச எப்படித்தான் மனசு வருது?

— யாரு திறந்தா?

— நீங்க.

— நான் திறக்கலையே.

— திறக்கலையா? ஒரு தடவைகூடவா?

— நீ ஒட்டின டேப் அப்படியே இருக்கு. அதைக் கிழிக்க எனக்குக் கை வரல.

— அப்ப புதுசாவும் ஒண்ணும் வாங்கல. இத்தனை நாளா என்னத்தை உடுத்தினீங்க?

— ரெண்டு யூனிஃபார்ம். ஒண்ணு காயும், ஒண்ணு உடம்புல. மழைக்காலத்துல ரெண்டுமே காயாது.

— கடவுளே.

— என்ன ஆச்சு?

— முதல் நாளே திறந்திருப்பீங்கன்னு நினைச்சேன். திறந்த கையோட போன் வரும்னு உட்கார்ந்திருந்தேன். வரல. சரி, வெள்ளிக்கிழமை கேப்பீங்கன்னு பார்த்தேன். நீங்க பம்ப் எத்தனைன்னு ஆரம்பிச்சீங்க. ஒவ்வொரு வாரமும் கணக்கை முடிச்சுட்டு ஒரு நிமிஷம் போனை வைக்காம இருப்பேன்.

— அது உன் மூச்சுன்னு தெரியும். கேட்டுட்டே இருப்பேன். ஆனா என்ன கேக்கணும் நான்?

— போய்த் திறங்க.

— வேண்டாம்மா. தொலைஞ்சு போச்சுன்னே அடிச்சுடு.

— ஏங்க, திறங்கன்னு சொல்றேன்ல.

— இப்ப என்ன சொன்னே?

— திறங்கன்னு.

— அதுக்கு முன்னாடி.

— மணி நாலு அம்பது. கத்தியை எடுங்க.

— எடுத்துட்டேன். இரு, ஸ்பீக்கர்ல போடறேன். அப்பா! டேப்பை இப்படியா சுத்துவாங்க?

— அழுதுட்டே சுத்தினா அப்படித்தான் வரும்.

— மேல பழைய பேப்பர். அதுக்குக் கீழயும் பேப்பர். அடியில... என்ன இது? பம்ப் மூடி. நாலு. சிவப்பு பெயின்ட் அடிச்ச ரிஜெக்ட் மூடி! பெட்டியை மாத்தி அனுப்பிட்டியா?

— என் சர்வீஸ்ல நான் பெட்டி மாத்தி அனுப்பினதே இல்ல.

— அப்ப இது?

— உங்க சாமானைத்தான் கட்டி எடுத்துட்டு வந்தேன். ஸ்டோர்ல எடை பார்த்தேன், பதினாலு கிலோ. என்ட்ரியும் போட்டேன். லாரி வர ஒரு மணி நேரம் இருந்துச்சு. அந்த ஒரு மணி நேரத்துல மனசு மாறிடுச்சு.

— ரத்து பண்ண வேண்டியதுதானே?

— ரத்து பண்ணா மேனேஜர் கையெழுத்து போடணும். நான் காரணம் எழுதணும். அந்தக் கட்டத்துல என்னன்னு எழுதுவேன்? அனுப்ப மனசு வரலைன்னா? கேட்ல எடை வேற போடுவாங்க. உங்க சாமானை எடுத்துட்டாலும் பதினாலு கிலோ காட்டணுமே.

— நாலு மூடி உன் ஸ்கிராப் கணக்குல உதைக்குமே!

— அதுக்குத் தனியா என்ட்ரி போட்டுத்தான் எடுத்தேன். என்னை யாருன்னு நினைச்சீங்க?

— நீ இருக்கியே!

— சிரிக்கறீங்களா, அழறீங்களா?

— தெரியல. சாக்குத் தூசி.

— நாலு அம்பத்தேழு. சீக்கிரம்.

— என்னன்னு போடட்டும்? வந்ததுன்னா, தொலைஞ்சதுன்னா? நீயே சொல்லு.

— ரெண்டும் இல்ல. சரக்கு இங்கிருந்து கிளம்பவே இல்லன்னு போடுங்க.