துருவின் ஜாக்கெட்

நள்ளிரவு தாண்டியிருந்தது. மவூனிலிருந்து கான்ஸிக்குப் போகும் சாலை. இரண்டு பக்கமும் முட்புதர், நடுவில் தார்... வேறொன்றும் இல்லை. ராத்திரியில் தார்ச்சூட்டுக்காக மாடுகள் நடுச்சாலையில் வந்து படுக்கும். கறுப்பு மாடு என்றால் கண் மட்டும்தான் தெரியும். சில சமயம் அதுவும் தெரியாது.

ஒட்சீலே தனியாக வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். என் நண்பன் ரெபோனேயின் மைத்துனன். பொய் சொல்லத் தெரியாதவன் என்று ரெபோனே சத்தியம் செய்வான்.

பக்கத்து இருக்கையில் ஒரு தோல் ஜாக்கெட் கிடந்தது. அதற்குச் சொந்தக்காரனைப் புதைத்து ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது.

செத்தவன் பெயர் கசெயிட்சிவே. யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். துரு என்றால்தான் தெரியும். தொண்டையில் துருப்பிடித்த கதவைத் திறப்பது போன்ற குரல். ஒட்சீலேவுக்குப் பெரியம்மா மகன். இருவரும் சேர்ந்து நடத்திய மெட்டல் இசைக்குழுவுக்கு ‘இரும்பு மழை’ என்று பெயர். துரு பாடுவான், இவன் கிட்டார். வீட்டில் சாதாரணமாகப் பேசினாலும் துருவின் குரல் தெருவுக்குக் கேட்கும். பெரியம்மா அடுப்படியிலிருந்தே அதட்டுவார்: “மெதுவாப் பேசுடா! நான் செவிடு இல்லை.”

அப்போதுதான் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். பின்னால் எந்தக் கம்பெனியும் கிடையாது. மாட்டுப்பட்டியில் ஒரு தகரக் கொட்டகை, இரவல் ஜெனரேட்டர், பழைய டேப் கருவி ஒன்று. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் துரு தன் ஜாக்கெட்டின் வலது கைச்சங்கிலியை நான்கு முறை குலுக்குவான். சலக்... சலக்... சலக்... சலக். ஐந்தாவதில் எல்லாரும் ஒன்றாக இறங்க வேண்டும். ஆல்பம் முழுக்க அப்படித்தான்.

கடைசிப் பாட்டு மட்டும் பாக்கி இருந்தது. அந்த வாரம்தான், இதே சாலையில், ஒரு கறுப்பு மாடு. அன்றைக்கு வெயில் என்று ஜாக்கெட்டை வீட்டில் கழற்றிவைத்துவிட்டுப் போயிருந்தான்.

சனிக்கிழமை விடியலில் அடக்கம். குழுவினர் தோல் ஜாக்கெட்டும் சங்கிலியுமாக வந்து குழியை மூடினார்கள். செத்தவனின் துணிமணிகளை அவன் அறையிலேயே வைத்துப் பூட்டினார்கள். தாய்மாமன் வந்து திறந்து, தன் கையால் எடுத்து இன்னாருக்கு இன்னது என்று கொடுக்கும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது. அங்கே சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

ஒட்சீலேவுக்குத் தெரியாதா என்ன? ஆனால் கடைசிப் பாட்டு அவனைத் தூங்கவிடவில்லை. பாடுவதற்கு மொடிரி என்றொரு புதுப் பையன் கிடைத்தான். சத்தத்துக்கு நாய்ச்சங்கிலியைக் குலுக்கிப் பார்த்தார்கள்.

“கட்டிப்போட்ட நாய் தப்பிச்சு ஓடுற மாதிரி இருக்குடா,” என்று டிரம் அடிக்கும் தாவோ சிரித்தான். “துருவோட சங்கிலி இல்லாம இது துருவோட ஆல்பமே இல்ல.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஒட்சீலே அடுத்த நாளே ஜன்னல் வழியாக அந்த அறைக்குள் இறங்கினான்.

மொடிரி அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பாடினான். நான்கு குலுக்கல்... பாட்டு. ஒரே மூச்சில் முடிந்தது. முடிந்ததும் ஜெனரேட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. மெல்லிய குரல் அந்தப் பையனுக்கு. டேப்பில் இருந்தது மெல்லிய குரல் இல்லை.

ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு மொடிரி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். காற்று மட்டும் வந்தது. மறுநாளும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் தொண்டையைப் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார்கள்.

“கொண்டுபோய் இருந்த இடத்துல வச்சிரு,” என்றான் தாவோ. இப்போது அவன் சிரிக்கவில்லை. “விடிஞ்சா உங்க மாமா அந்த அறையைத் திறக்கப் போறார். அந்தப் பாட்டையும் அழிச்சிடு.”

“ஜாக்கெட்டை வைக்கிறேன்.”

“பாட்டு?”

ஒட்சீலே சட்டைப்பையைப் பொத்திக்கொண்டான். டேப் அதில்தான் இருந்தது. துரு பாடாமல் போன பாட்டு அது. துரு பாடிய பாட்டும் அதுதான். எப்படி அழிப்பான்?

அந்த டேப்போடுதான் இப்போது துருவின் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். துரு செத்த இடம் வந்தது. விளக்கு வெளிச்சத்தில் சாலை முழுக்க மாடுகள். படுத்திருக்கவில்லை... நின்றுகொண்டிருந்தன. எல்லாமே கறுப்பு. எல்லாமே வண்டியைப் பார்த்தபடி.

வண்டியை நிறுத்தினான். எஞ்சின் தானாக அணைந்தது. சாண நாற்றம், மழைக்கு முந்தைய மண் வாசனை. அப்புறம் மூன்றாவதாக ஒன்று... சிகரெட் புகையும் தோலுக்குத் தடவும் கொழுப்பும் கலந்த வாசனை. பக்கத்து இருக்கையில் தோல் முனகியது. யாரோ சாய்ந்து உட்கார்ந்ததுபோல.

ஒட்சீலே திரும்பிப் பார்க்கவில்லை.

சலக்.

சலக்.

சலக்.

சலக்.

ஐந்தாவதில் அவனுடைய இடது கைவிரல்கள் ஸ்டியரிங்கின்மேல் தாமாக மடங்கின, கிட்டார்க் கம்பியைப் பிடிப்பதுபோல. அவன் மடக்கவில்லை. அப்படித்தான் ரெபோனேயிடம் எழுதிக்காட்டியிருக்கிறான்.

மாடுகள் ஒவ்வொன்றாக ஒதுங்கி வழிவிட்டன.

விடிவதற்குள் ஜன்னல் வழியாக இறங்கி, ஜாக்கெட்டை அதே ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்துவிட்டான். வெளிச்சம் வந்தபோது தாவோ போனில் கூப்பிட்டான்.

“மொடிரி பேசிட்டான்டா! முதல் வார்த்தையே உன்னைத்தான் திட்டினான். ரெண்டாவது வார்த்தையும் உன்னைத்தான்.”

ஒட்சீலே வண்டியில் சாய்ந்து அழுதான். முடிந்துவிட்டது என்று நினைத்தான். டேப் சட்டைப்பையில் பத்திரமாக இருந்தது.

உறவுக்காரர்கள் முற்றத்தில் கூடினார்கள். பெரியம்மா அடுப்பில் பெரிய பானை வைத்து, கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சோளக்களி கிண்டிக்கொண்டிருந்தார். மகனின் துணி பங்காவதைப் பார்க்க அவருக்கு மனமில்லை. மாமா அறையைத் திறந்தார். சட்டைகள், சப்பாத்து, தொப்பி, ஒவ்வொன்றாக எடுத்து ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டுக் கொடுத்தார். கடைசியில் ஜாக்கெட்.

“ஒட்சீலே, நீ வா. அவனுக்குக் கூடப்பிறந்தவன் மாதிரி நீ. போட்டுக்கோ.”

ஒட்சீலே நகரவில்லை.

“ஏன்டா நிக்கிறே? மாமன் கையால கொடுக்கிறேன். வேண்டாம்னு சொல்லி அவனை அவமானப்படுத்தாதே.”

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுக்க வழியில்லை. வந்தான். ஒரு கையை நுழைத்தான், மறு கையை நுழைத்தான். ஆளில்லாத அறையில் ஆணியில் தொங்கிய தோல், அந்த விடியற்குளிரில், உள்ளே வெதுவெதுவென்று இருந்தது. இப்போதுதான் யாரோ கழற்றிக் கொடுத்ததுபோல.

“சரியா இருக்கா?” என்றார் மாமா.

“சரியா இருக்கு மாமா,” என்றான் ஒட்சீலே.

அடுப்படியில் பெரியம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. களியைக் கிண்டியபடியே, இத்தனை வருஷமும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாயால் சொன்னார்:

“மெதுவாப் பேசுடா! நான் செவிடு இல்லை.”

அப்புறம்... கரண்டி நின்றது.