ஒரே தட்டில் இரண்டு அடுக்கு

சாய்பிரசாத்: கண்ண மூடு.

சிவக்குமார்: மூடிட்டேன்.

சாய்பிரசாத்: இப்ப பாட்டுல வயலின் எங்க இருந்து கேக்குது?

சிவக்குமார்: உன் வீட்ல இருந்துதான்.

சாய்பிரசாத்: வெளாடாத மாப்ள. எடத்தச் சொல்லு.

சிவக்குமார்: ஜன்னலோரமா.

சாய்பிரசாத்: இப்ப?

சிவக்குமார்: இப்பவும்... இல்ல, கொஞ்சம் முன்னால வந்துருச்சோ?

சாய்பிரசாத்: வந்துச்சா, வரலியா?

சிவக்குமார்: வந்துச்சுன்னுதான் வச்சுக்கயேன்.

சாய்பிரசாத்: வச்சுக்கிறதுக்கு இது என்ன மொய்க் கவரா? ஒழுங்காக் கேளு. கோயம்புத்தூர்க்காரரு அஞ்சு மணி வரைக்கும்தான் உனக்காகப் பிளேயர விக்காம வச்சிருப்பாரு.

சிவக்குமார்: தெரியும்.

சாய்பிரசாத்: உன் பொண்டாட்டி ரோகிணி ஒத்தக்கடைக்குப் பஸ்ல தொங்கிக்கிட்டுப் போறா. அவ வண்டிக்குச் சேத்த காசு. அத இதுல போட்டுட்டு, அப்புறம் வித்தியாசம் தெரியலன்னு வந்து நிக்கக் கூடாது.

சிவக்குமார்: ஏண்டா, ரெண்டு வருஷமா வாங்கு வாங்குன்னு உசுர எடுத்தது நீதான? எஸ்ஏசிடிங்கிற ஒசத்தி சிடியக் கேட்டவன் சாதா சிடியத் திரும்பிப் பாக்க மாட்டான்னு...

சாய்பிரசாத்: சொன்னேன்.

சிவக்குமார்: ஒரு தட்டு ஜப்பான்ல இருந்து வரணும்னாலும் வாங்கலாம்னு...

சாய்பிரசாத்: சொன்னேன்டா. இங்க பாரு, தட்டு ஒண்ணுதான். உள்ள ரெண்டு அடுக்கு. ஒண்ணு சாதா சிடி, இன்னொண்ணு எஸ்ஏசிடி. இந்தப் பட்டன அமுக்குனா மாறும். எது எதுன்னு சொல்ல மாட்டேன்.

சிவக்குமார்: பரிச்சையா?

சாய்பிரசாத்: கண்ண மூடு. இது ஒண்ணு... இது ரெண்டு... இது மூணு.

சிவக்குமார்: ரெண்டாவது. அடடா! என்னா தெளிவு!

சாய்பிரசாத்: ரெண்டாவதா?

சிவக்குமார்: ஏன்... மூணாவதா?

சாய்பிரசாத்: மூணுமே சாதா சிடி. நான் பட்டன அமுக்கவே இல்ல.

சிவக்குமார்: அடப்பாவி. எதுக்குடா இப்படி?

சாய்பிரசாத்: கோவிச்சுக்காத. போன வாரம் என் பொண்டாட்டி ஹம்சவேணி தூசி தட்டுறப்ப கேட்டா. ‘பிளேயர்ல சிடின்னுல்ல எரியுது, நீங்க வேற என்னமோ பேரு சொல்வீங்களே?’ன்னு.

சிவக்குமார்: ம்...

சாய்பிரசாத்: வாங்குன நாள்ல இருந்தே சிடி அடுக்குலதான் ஓடியிருக்கு.

சிவக்குமார்: ரெண்டு வருஷமாவா?

சாய்பிரசாத்: ரெண்டு வருஷம் நாலு மாசம்.

சிவக்குமார்: புல்லாங்குழல்காரரு மூச்சு இழுக்குறது கேக்குதுன்னு...

சாய்பிரசாத்: சொன்னேன்.

சிவக்குமார்: அதக் கேக்க ஆனையூர்ல இருந்து என்னைய கே.கே. நகருக்கு வரச் சொல்லி...

சாய்பிரசாத்: சொன்னேன்டா! சிரிக்காத.

சிவக்குமார்: சிரிக்கல... சரி, மாத்துனதுக்கு அப்புறம்?

சாய்பிரசாத்: ஏழு நாளு கேட்டேன். கதவச் சாத்திட்டுக் கேட்டேன். ஃபேன நிப்பாட்டிட்டுக் கேட்டேன். வேர்த்துச்சு, அம்புட்டுத்தான்.

சிவக்குமார்: ஒண்ணுமே இல்லையா?

சாய்பிரசாத்: இருக்கலாம். என் காதுக்கு எட்டல. உன் காதுக்காவது கேட்டா, வாங்குனது வீண் இல்லன்னு ஒரு நிம்மதி. இந்தா, இப்ப நெசமாவே மாத்திட்டேன். கேளு.

சிவக்குமார்: இரு, கண்ண மூடிக்கிறேன்.

சாய்பிரசாத்: என்ன?

சிவக்குமார்: மாப்ள...

சாய்பிரசாத்: சொல்லுடா.

சிவக்குமார்: அதேதான்டா கேக்குது.

சாய்பிரசாத்: அப்ப இம்புட்டு நாளா ‘அடடா, அடடா’ன்னது?

சிவக்குமார்: உன் மொகத்தப் பாத்துச் சொன்னது.

சாய்பிரசாத்: அப்பாடா...

சிவக்குமார்: என்னடா அப்பாடா?

சாய்பிரசாத்: என் காதுதான் கெட்டுப்போச்சுன்னு ஒரு வாரமா சோறே எறங்கல. டாக்டர்ட்ட டோக்கன் வேற போட்டுட்டேன்.

சிவக்குமார்: கேன்சல் பண்ணு. பாட்டு நல்லாத்தான இருக்கு?

சாய்பிரசாத்: பாட்டு எப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு. நீ மொதல்ல போன எடு. கோயம்புத்தூர்க்காரருக்கு வேணாம்னு சொல்லு. பக்குவமாச் சொல்லு, நல்ல மனுசன்.

சிவக்குமார்: ம்... சொல்லணும்ல.

சாய்பிரசாத்: ஏன் இழுக்குற? காசு எதுவும் அனுப்பிட்டியா?

சிவக்குமார்: இல்ல.

சாய்பிரசாத்: அப்புறம் என்ன? நான் வேணா பேசவா?

சிவக்குமார்: வேணாம் மாப்ள. அவருக்குச் செவ்வாக்கெழமையே வேணாம்னு சொல்லிட்டேன். ரோகிணிக்கு வண்டியும் எடுத்தாச்சு. உன் கண்ணுல பட்டுறக் கூடாதுன்னு முக்கு டீக்கடையில நிப்பாட்டிட்டு நடந்து வந்தேன்.