கரை தெரியும் வரை

— சொல்லாதேங்கறேன்.

— அம்மா, இது சொல்லாம இருக்கிற விஷயமா?

— மெதுவாப் பேசு மைத்ரேயி. உங்கப்பா அங்கதான் கம்பியைப் பிடிச்சுண்டு நிக்கறார்.

— அங்க கேக்காது. கீழே பாட்டு போட்டு உயிரை எடுக்கறான். கப்பல்ல ஏறினதுலேர்ந்து அப்படியேதான் நிக்கறார். கரையையே பாத்துண்டு.

— கரை மேல ஒரு கண்ணு வச்சுக்கணுமோல்லியோ. அதுக்குத்தான். சரி, அந்த மைக்குக்காரன் என்னதான் சொன்னான்? இங்கிலீஷ்ல ஒரு தடவை, இந்தியில ஒரு தடவை. விசாகப்பட்டினம்ங்கறது மட்டும்தான் என் காதுல விழுந்தது.

— விசாகப்பட்டினம் போகலைன்னான். அந்தப் பக்கம் புயல் சின்னமாம். பதிலுக்கு நேரா நடுக்கடலுக்குப் போய் ரெண்டு நாள் சுத்திட்டு மறுபடி சென்னைக்கே வந்துடுமாம்.

— அப்போ கரை?

— தெரியாது. கிளம்பி ஒரு மணி நேரத்துல மறைஞ்சுடும். வேண்டாங்கறவா அஞ்சு மணிக்குள்ள இறங்கிக்கலாமாம். அஞ்சுக்குப் படியை எடுத்துடுவான். இப்போ நாலரை.

— அரை மணிதானே. வாயை மூடிண்டு இரு.

— அம்மா! அப்பா எப்படி சம்மதிச்சார்னு மறந்துட்டியா? கரையோரமாவே போய்க் கரையோரமாவே வரும்னு நானும் அவரும் மேப்பை விரிச்சுக் காட்டினப்பறம்தானே தலையை ஆட்டினார்?

— நீயும் உன் ஆம்படையானும் காட்டின மேப்பை நானும்தான் பாத்தேன். கரை கண்ணுக்குத் தெரியற வரைக்கும் கடல் தாண்டினதா ஆகாது, அது உன் தாத்தா வச்ச சட்டம். தாண்டின அர்ச்சகன் கர்ப்பக்கிருகத்துக்குள்ள கால் வைக்கக்கூடாது, பெருமாளைத் தொடக்கூடாது. நாப்பத்தாறு வருஷம் அந்த ஆத்துல குப்பை கொட்டியிருக்கேன். எனக்கே சொல்லித் தரியா?

— தெரிஞ்சுண்டே இப்படிப் பேசறியே. சந்திரகிரியில அந்தச் சின்னச் சன்னதியை விட்டா அப்பாவுக்கு வேற என்ன இருக்கு?

— நான் இருக்கேன்.

— அது சரிம்மா. ஆனா ஏமாத்தறது தப்பு.

— யார் ஏமாத்தினா? புயலை நானா கூப்பிட்டேன்? பெருமாளே பாத்துப் பண்ணியிருக்கார்.

— பெருமாள் தலையில போடாதே.

— பெருமாளுக்குத் தளிகை சமைக்கறவளும் தாண்டக்கூடாதுன்னு என்னையும் சேத்துக் கட்டிப் போட்டாளே, அதை மட்டும் யார் தலையில போட்டா? உன் தங்கை தரணி சிங்கப்பூர் போய் பன்னண்டு வருஷம். அவ ஆம் எப்படி இருக்கும்னு கேளு. அடுப்புக்கு மேல ஒரு ஜன்னல் இருக்கு. போன்ல அது தெரியும். அவ்வளவுதான் தெரியும்.

— அம்மா...

— ஏழாம் மாசத்துல அந்தக் குழந்தை தங்காமப் போச்சே, அன்னிக்கு அவ அழக்கூட இல்லை. ‘உன்னால வர முடியாதும்மா, பரவாயில்லை’ன்னா. போனை வச்சுட்டு நான் என்ன பண்ணினேன் தெரியுமா?

— என்ன?

— சாயங்காலத் தளிகைக்கு அரிசி களைஞ்சேன்.

— இதெல்லாம் நீ என்கிட்ட சொன்னதே இல்லை.

— சொல்லி? இப்போ மறுபடி அவளுக்கு அஞ்சு மாசம்.

— நான் போறேன்னேனே.

— நீ அக்கா. அம்மா இல்லை.

— அப்போ அப்பாகிட்டயே நேரா கேக்க வேண்டியதுதானே?

— கேட்டேன். போன மாசம் ஏகாதசியன்னிக்கு. ‘தரணிகிட்ட போணும்’னேன். ‘புஷ்பம் வந்துடுத்தா’ன்னார்.

— வேற ஒண்ணும் சொல்லலையா?

— புஷ்பம் வந்திருந்தது. எடுத்துண்டு போயிட்டார். கேட்டுக்கோ, இந்த ரெண்டு நாளைக்குச் சாவி யார்கிட்ட இருக்கு? உன் சித்தப்பா பிள்ளை கமலக்கண்ணன்கிட்ட. அவன் நன்னாத்தான் பண்ணுவான். பெருமாள் ஒண்ணும் பட்டினி கிடக்க மாட்டார். அரை மணி நேரம் நீ வாயைத் திறக்காம இருந்தா எனக்குப் போதும்.

— எனக்கு சோறு இறங்காதும்மா.

— வரார். சிரி.

— மரகதம், அந்த நீச்சல் குளத்துலேர்ந்து எழுந்து வரவாளெல்லாம் துண்டைக் கட்டிண்டே சாப்பிடப் போறா.

— அதையெல்லாம் நீங்க ஏன் பாக்கறேள்?

— கண்ணை எங்க வச்சுக்கறது? எந்தப் பக்கம் திரும்பினாலும் அவாதான் நிக்கறா.

— அப்பா, அந்த மிதவைச் சட்டையைக் கழட்டிடலாம். பயிற்சி முடிஞ்சு ஒரு மணி நேரம் ஆச்சு.

— இருக்கட்டும். முதுகுக்கு இதமா இருக்கு.

— நெத்தியில திருமண், இடுப்புல பஞ்சகச்சம், நடுவுல ஆரஞ்சுக் கலர்ல இது. ஊரே உங்களை போட்டோ எடுக்கறது.

— எடுக்கட்டும். உற்சவர் மாதிரி அசையாம நின்னேன். பேரப்பசங்க எங்க?

— அவர் அழைச்சுண்டு போயிருக்கார், ஐஸ்கிரீம் வாங்க. அப்பா, உங்களாண்ட ஒண்ணு சொல்லணும்.

— மைத்ரேயி.

— இல்லம்மா. அப்பா, கப்பல் விசாகப்பட்டினம் போகலை. நடுக்கடலுக்குப் போறது. கரை தெரியாது. அஞ்சு மணி வரைக்கும் இறங்கலாம். நான் கூட வரேன். டாக்ஸி பிடிச்சா ஒன்பது மணிக்குள்ள சந்திரகிரி. விடிகாலம் விஸ்வரூப தரிசனத்துக்கு நீங்களே சன்னதிக் கதவைத் திறக்கலாம்.

— ம். உங்கம்மா என்ன சொன்னா?

— அம்மா வந்து...

— நானே சொல்றேன். சொல்ல வேண்டாம்னு சொன்னேன். நாப்பத்தாறு வருஷத்துல உங்ககிட்ட மறைக்கப் பாத்தது இது ஒண்ணுதான். அதுக்கும் துப்பில்லை.

— ஒண்ணுதானா?

— வேற என்ன?

— நான் தூங்கினப்பறம் கொல்லையில உக்காந்து தரணிகிட்ட பேசறது?

— அது உங்களுக்குத் தெரியுமா?

— தூங்கினாத்தானே.

— அப்பா, நேரம் ஆறது. பத்து நிமிஷம்தான் இருக்கு. பையை எடுக்கட்டுமா?

— உக்காரு.

— அப்பா!

— உக்காருங்கறேன்ல. மரகதம், அந்தச் சம்படத்தைத் திற.

— இப்போ புளியோதரையா?

— பசிக்கறது.

— ஏன்னா, விளையாடாதேங்கோ. படியை எடுத்துட்டா எடுத்ததுதான். நாளைக்கு ஊர்ல யாராவது கேட்டா உங்களுக்குப் பொய் சொல்லவும் வராது.

— வராது. உப்பு கொஞ்சம் தூக்கல்.

— விடிகாலம் மூணு மணிக்குக் கிளறினது. தூக்கக் கலக்கம்.

— பரவாயில்லை. கடல்ல இருக்கோம். உப்புக்கா பஞ்சம்?

— நீங்க இறங்கறேளா இல்லையா? நான் தப்பு பண்ணிட்டேன், ஒத்துண்டேன். போறுமா? எழுந்திருங்கோ. நானும் வரேன். மூணு பேரும் போயிடலாம்.

— நீயும் ஒரு வாய் சாப்பிடு.

— எனக்கு வேண்டாம்.

— அப்பா, சங்கு ஊதறான்.

— கேட்டுது.

— படியைத் தூக்கறா. அப்பா, இப்போ ஓடினாக்கூட...

— எனக்கு எங்கடி ஓட்டம்? விடு.

— போச்சு. எடுத்துட்டா.

— ஏன்னா, என்னை மன்னிச்சுடுங்கோ.

— எதுக்கு?

— உங்க கையிலேர்ந்து பெருமாளைப் பிடுங்கிட்டேனே.

— காலையிலேர்ந்து கையில துளசி வாசனை இல்லை. மோந்து மோந்து பாக்கறேன். பழகிக்கணும். மைத்ரேயி, கரை தெரியறதோல்லியோ?

— தெரியறதுப்பா. இப்போதான் நகர ஆரம்பிச்சிருக்கு.

— அப்போ போன் எடுக்கும். தரணிக்குப் போடு. பிரசவத்துக்கு அம்மா வரான்னு சொல்லு.

— அப்பா...

— நானும் வரேன்னு சொல்லு. ஒரு தடவை தாண்டினவன் ரெண்டாம் தடவை தாண்டினா என்ன? அவ அடுப்புக்கு மேல ஏதோ ஜன்னல் இருக்காமே. ராத்திரி ராத்திரி அதே பேச்சு. என்னதான் இருக்குன்னு பாக்கணும்.

— அழாதேம்மா. அப்பா, கமலக்கண்ணன் என்ன பண்ணுவான்? நாளன்னிக்குச் சாவியோட வாசல்ல காத்துண்டு நிப்பானே?

— நிக்க மாட்டான். இனிமே நீயே வச்சுக்கோடான்னு போன்ல சொல்லியாச்சு. அழுதான், அசடு.

— எப்போ சொன்னேள்?

— மத்தியானம். கீழே துறைமுகத்துல கால் வலிக்கறதுன்னு பெஞ்சுல உக்காந்தேனே, அப்போ.

— ஆமா, கால் மணி நேரம் எழுந்துக்கவே இல்லை. மாப்பிள்ளைகூட சக்கர நாற்காலி கேக்கட்டுமான்னார். ஆனா, மைக்ல சொன்னதே நாலு மணிக்குத்தானே?

— நீங்க ரெண்டு பேரும் பொம்மனாட்டிகள் வரிசையில சோதனைக்கு நின்னுண்டிருந்தேள். பெட்டிக்குச் சீட்டு ஒட்டறவன், ரமணான்னு பேர், நம்ம நாயுடுபேட்டைக்காரன். திருமண்ணைப் பாத்துட்டு தெலுங்குல மெதுவாச் சொன்னான். ‘விசாகப்பட்டினம் லேது சாமி, நடி சமுத்ரம்’னான். நடுக்கடலுக்குன்னு கேட்டுட்டுத்தான் படி ஏறினேன்.