இணை ஆய்வாளர் கொடுத்த கடிதம்

2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை காலை, சிம்பாங் பூலாய்க்கு உள்ளே தள்ளியிருக்கும் பழைய ரப்பர்த் தோட்டத்தில் முத்தம்மா என்னிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்தார். ‘கடிதம் ஒன்று’ என்று ரசீது எழுதிக் கொடுத்தேன். ரசீது கொடுக்காமல் நான் யாரிடமும் எதையும் வாங்குவதில்லை.

1978இல் தோட்ட நிர்வாகி கையெழுத்திட்ட கடிதம். மாற்று வீடு தரும்வரை தொழிலாளர் லயத்தின் எட்டுக் குடும்பங்களையும் வெளியேற்றுவதில்லை என்று நான்கே வரி. அந்த வீடுகளுக்கு வேறு பத்திரம் கிடையாது.

நான் பல்கலைக்கழகத்தில் சமூக ஈடுபாட்டு மையத்தின் தலைவர். எங்களுடையது துறைகடந்த ஆய்வு: மண்ணியல், மானிடவியல், கட்டடக்கலை, சுற்றுலா. மக்களும் சம பங்காளிகள். அங்கே முப்பது ஆண்டுகள் பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டிய முத்தம்மாவைப் படிவத்தில் ‘இணை ஆய்வாளர்’ என்றே பதிந்தோம். முதல் பட்டறையில் மஞ்சள் தாள் கொடுத்து அவரவர் கனவை எழுதச் சொன்னோம். எட்டுக் குடும்பங்களும் ‘வீடு’ என்று எழுதின. அறிக்கையில் அதை ‘இடம்சார் உணர்வு’ என்று தொகுத்தோம்.

கடிதம் எங்கள் கண்காட்சியின் நடுவில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. பால் கோப்பையும் வாளியும் எல்லாத் தோட்டக் கண்காட்சிகளிலும் இருக்கும். இப்படியொரு தாள் இருக்காது.

மறு ஆண்டு, தோட்டத்தை வாங்கிய நிறுவனம் வீடுகளைக் காலி செய்யச் சொல்லி ஈப்போவில் வழக்குப் போட்டது. முத்தம்மாவின் கைப்பேசியிலிருந்த படத்தைப் பார்த்து, கையெழுத்தே போலி என்றார் அவர்களுடைய வழக்கறிஞர். நீதிபதி அசலைக் கேட்டார். முத்தம்மாவும், ஜெலாப்பாங் தொழிற்சாலையில் வேலை செய்யும் மகள் தினேஸ்வரியும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள்.

“பழைய தாள். வெளியே எடுத்தா உதிர்ந்துரும்,” என்றேன்.

“நாப்பது வருசத்துக்கு மேல பிஸ்கட் டின்னுல கெடந்துச்சு டாக்டர். கரப்பாங்கூடத் தொடல. ஒங்ககிட்ட வந்தொடனே அதுக்கு நோவு வந்துருச்சா?” என்றார் முத்தம்மா.

“நீங்க நம்ம ஆளுன்னுதான் சார் அம்மா குடுத்துச்சு,” என்றாள் தினேஸ்வரி. “காட்டிட்டு கொண்டாந்துருவோம்லா.”

மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். யாரிடமும் கேட்கவில்லை. நீதிமன்றத்துக்குள் போகும் தாள், மேல்முறையீடெல்லாம் முடிந்துதான் வெளியே வரும். செப்டம்பர் முதல் வாரம் வெளிநாட்டு மதிப்பீட்டுக் குழு வரவிருந்தது. ஐந்து நட்சத்திரத் தரத்துக்கு எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் குறைந்தது: மக்களின் நம்பிக்கைக்கான சான்று. அந்தச் சான்று பெட்டிக்குள் இருந்தது.

முத்தம்மா ரசீதைத் தம் வழக்கறிஞரிடம் கொடுத்துவிட்டார். நீதிமன்றத்திலிருந்து எனக்கு விளக்கம் கேட்டு வந்தது. ஆகஸ்டு 20 அன்று மதிய உணவுக்கு முன்பே அந்த வேலையை முடித்தேன். ஜெயபாலன் ஆகிய நான் பெற்றுக்கொண்டது நகல் மட்டுமே, அசலை நான் பார்த்ததே இல்லை என்று சத்தியப் பிரமாணம் செய்து கையெழுத்திட்டேன். திரும்பி வந்து, பெட்டியின் கீழிருந்த விளக்க அட்டையில் ‘நகல்’ என்று சேர்த்தேன். ஒரு பக்கம் பேராசிரியர், மறு பக்கம் மரம் வெட்டிய பெண். நீதிபதி அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

குழு வந்தபோது, அது அசல்தான் என்று அவர்களிடம் மட்டும் மெதுவாகச் சொன்னேன். ஒருவருக்குக் கண் கலங்கியது. ஐந்து நட்சத்திரம் கிடைத்தது. இறுதிக் கட்டுரையில் முத்தம்மாவின் பெயர் இரண்டாவதாக இருக்கிறது. நான் யாருடைய உழைப்பையும் மறைப்பவனல்ல.

நவம்பர் 19 அன்று எட்டு வீடுகளும் இடிக்கப்பட்டன. முத்தம்மா இப்போது ஜெலாப்பாங்கில், மகளின் வாடகை அறையில் இருக்கிறார். கடிதத்துக்கு ஒரு சேதமும் இல்லை. கண்காட்சி அறையில் குளிர்சாதனம் இரவும் பகலும் ஓடுகிறது.

வீடுகளை இடித்த மறுநாளே விளக்க அட்டையிலிருந்து ‘நகல்’ என்ற சொல்லை எடுத்துவிட்டேன். காட்சிப்பொருளைப் பற்றிப் பொய் எழுதி வைப்பது எனக்குப் பிடிக்காது.